ஸ்டீபனின் டிவி கேம்

சேரப்பணஞ்சேரி,
கார்த்திகை, 1991

ஏழுமலை,

நாளைக்கு நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது இதை மடித்து உன் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் துணிக்கு நடுவில் வைத்தாயா என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். மகன் வெளிநாட்டுக்குப் போகிறபோது தாய் எழுதுகிற கடிதம் என்றால் அதில் நாலு புத்தி இருக்க வேண்டும். உனக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு புத்திதான் இருக்கிறது. அது என்ன என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் அதற்கு நேர் எதிரானது சரியென்று படுகிறது. நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே போனால் கடைசியில் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். இதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் படி. தெரியாததும் இருக்கிறது.

போன வருஷம் ஆடி மாசம், நீ இருந்த குவைத்துக்குள் பட்டாளம் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னபோது நான் அதை ஏதோ வேறு ஊர் என்றுதான் நினைத்தேன். உங்கப்பாதான் ரேடியோவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. நீ வேலை செய்த டிவி கடையின் பேரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது, யாரிடம் போய் விசாரிப்பது? உங்கப்பா தான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸை ஸ்ரீபெரும்புதூரில் நிறுத்துகிற இடத்தில் ஒரு பேப்பர் கடை இருக்கிறதே, அங்கே தினமும் இறங்கி, போஸ்டரைப் படித்துவிட்டு வருவார். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று முணுமுணுப்பார்களாம். நான் மூடி கம்பெனியில் லைனில் நின்றுகொண்டு, மருந்து பாட்டில் மூடிகள் என் முன்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கை எடுக்கும், அடுக்கும். மனசு எங்கேயோ மணலில் அலையும்.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் நீ படப்பை பஸ்ஸில் வந்து இறங்கினாய். உடம்பில் பாதி காணோம். போட்டிருந்த சட்டை உன்னுடையது இல்லை, தோள் தொங்கியது. துணிப்பை இல்லை, சூட்கேஸ் இல்லை. கயிறு போட்டுக் கட்டிய ஒரு அட்டைப்பெட்டியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாய். நான் உன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். நீ அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், "இன்னாடா கண்ணு இது?" என்றேன். "டிவி கேம்" என்றாய். போரைத் தாண்டி, பாலைவனத்தைத் தாண்டி வந்த பிள்ளை தாயிடம் சொன்ன முதல் சொல் அது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அன்றைக்குத் தொடங்கியது இந்தக் குழப்பம்.

அன்று சாயங்காலமே, போன லீவில் நீ வாங்கி வைத்த கறுப்பு வெள்ளை டிவியின் பின்பக்கத்தைக் கழற்றி, டிவி கேமை அதில் மாட்டினாய். முதலில் படம் மேலும் கீழும் உருண்டது. உள்ளே என்னவோ திருகி அதை நிற்கவைத்தாய். உன் கை வேலையை மறக்கவில்லை என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மூன்று கேசட்டுகள் வைத்திருந்தாய். ஒரே கம்பெனி ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டதாம், மேலே எல்லாம் ஜப்பான் எழுத்து. முதல் கேசட்டில் ஒரு படத்தைத் துண்டு துண்டாகக் கலைத்துப் போட்டுவிடும். கையில் பிடிக்கிற பொத்தானை அமுக்கி ஒவ்வொரு துண்டாக நகர்த்திச் சேர்க்க வேண்டும். இரண்டாவதில் படமே கிடையாது. வெறும் கட்டம், ஓரத்தில் எண்கள். இந்த வரிசையில் எத்தனை கட்டம் கறுப்பாக வேண்டும் என்று அந்த எண் சொல்லுமாம். மேலிருந்து வருகிற எண்ணும் பக்கத்திலிருந்து வருகிற எண்ணும் ஒத்துப்போகிற இடத்தை யோசித்து யோசித்துக் கறுப்பாக்கினால், கடைசியில் அது ஒரு மீனாகவோ குடையாகவோ நிற்கும். மூன்றாவது கேசட் இரண்டும் கலந்தது. ஒரு எண் கணக்கை முடித்தால் ஒரு துண்டு கிடைக்கும், எல்லாத் துண்டும் கிடைத்த பிறகு சேர்த்தால் பெரிய படம். பின்னால் நீ விளக்கும்போது தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண்கள் எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

அந்த மூன்றாவது கேசட்டைத்தான் நீ விடாமல் போட்டாய். நம் டிவியில் கலர் கிடையாது. வானமும் கடலும் ஒரே சாம்பலாகத் தெரியும், எந்தத் துண்டு எதனுடையது என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போகும். அதற்குள் கரண்ட் போய்விடும். போனால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. எனக்கே வயிறு எரியும். நீயோ ஒரு வார்த்தை சொல்லாமல், கரண்ட் வரும்வரை இருட்டு டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். வந்ததும் முதலிலிருந்து தொடங்குவாய். சோறு வைத்தால் தின்பாய், வைக்காவிட்டால் கேட்க மாட்டாய். ஊர்ச்சனம் வந்து "இன்னா கொண்டாந்த ஏழுமல?" என்று கேட்டார்கள், பிறகு "புள்ள எப்டி கீறான்?" என்று கேட்டார்கள், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். உன்னை ஸ்ரீபெரும்புதூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன், டானிக் எழுதிக்கொடுத்தார். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினேன். டானிக்கையும் குடித்தாய், கயிற்றையும் கட்டிக்கொண்டாய். யாருக்கோ செய்வதைப் போலச் செய்தாய்.

உங்கப்பா பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கவில்லை. "வயசுப் புள்ள, எழுந்து நாலு எடத்துக்குப் போயி வேல கேக்காம, பொம்மய ஒட்டிகினு ஒக்காந்துகினு கீறியே!" என்று கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். அந்தப் பெரிய படம் முடிய இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ எழுந்து அவரை எதிர்த்துப் பேசுவாய் என்று பயந்தேன். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ அவரை நிமிர்ந்து பார்த்து, "பரவால்லப்பா, மொதல்லேர்ந்து போட்டுக்கறேன்" என்றாய், பஸ்ஸில் யாரோ காலை மிதித்துவிட்டால் சொல்வதைப் போல. உங்கப்பா பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே அதை மறுபடி சொருகிவிட்டு வெளியே போனார். காலையில்தான் கழுவிய பஸ்ஸைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் நம்ம மேல கோவப்பட மாட்றான்டி, அதான் பயமா கீது" என்றார்.

அதற்கு அடுத்த வார லீவில்தான் நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். பெரிய யோசனையெல்லாம் ஒன்றுமில்லை. உன்னை அங்கேயிருந்து எழுப்ப முடியவில்லை, சரி, நானாவது அங்கே போவோம் என்றுதான். நீ ஆச்சரியப்பட்டு இன்னொரு பொத்தான் பெட்டியைக் கொடுத்தாய். எனக்கு ஒன்றும் வரவில்லை. துண்டை இடது பக்கம் தள்ளினால் மேலே போனது. நான் தப்பாக வைத்ததையெல்லாம் நீ பொறுமையாக எடுத்தாய். "அது மூலைத்துண்டும்மா, ரெண்டு பக்கம் நேரா கீது பாரு" என்றாய். உன் வாயிலிருந்து அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல வந்து எத்தனை காலமாகியிருந்தது! அதைக் கேட்கவே தினமும் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தேன். வேண்டுமென்றே கூடச் சில துண்டுகளைத் தப்பாக வைத்திருக்கிறேன், அது உனக்குத் தெரியுமோ என்னவோ.

ஒரு நாள் சும்மா வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் கேட்டேன். "ஏன்டா, எல்லாம் சேத்து முடிச்ச பொறவு கடசியா ஒரு துண்டு மிச்சம் வந்துட்டா இன்னா பண்ணுவ?"

"மிச்சம் வராதும்மா."

"வந்துட்டா?"

"வராதும்மா. ஒவ்வொரு துண்டுக்கும் எடம் வச்சித்தான் பண்ணிகிறான்."

அதைச் சொல்லிவிட்டு உன் கை நின்றது. டிவியில் ஒரு துண்டு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தபடியே, "ஸ்டீபன உட்டுட்டு வந்துட்டேம்மா" என்றாய்.

எந்த ஸ்டீபன் என்றே எனக்குத் தெரியாது. குவைத்தில் உன்னோடு ஒரே ரூமில் இருந்தவன், அதே கடையில் வேன் ஓட்டியவன், குளச்சல் பக்கம் கடற்கரைப் பையன் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாக வந்தது. இந்த டிவி கேம் அவனுடையது. வேலை முடிந்து இருவரும் ரூமில் உட்கார்ந்து விளையாடுவீர்கள். அவனுக்கு ஓரத்துண்டு மட்டும்தான் வரும், நடுவிலிருப்பதெல்லாம் நீ. சண்டை வந்து கடை சூறையாடப்பட்ட பிறகு இருவரும் பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்தீர்கள். அங்கே மணலில் கூடாரம். தண்ணீருக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை. ஸ்டீபனுக்கு வாந்தியும் பேதியும் கண்டு ஜுரம் ஏறி ஆளே அடையாளம் தெரியாமல் போய்விட்டான். அவனை ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தூக்கிப்போகும்போது உன் கையைப் பிடித்து, "பெட்டிய பாத்துக்க மக்கா" என்றானாம். அன்றைக்கே இந்தியாக்காரர்களை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக பஸ் வந்தது. உன் பேரைக் கூப்பிட்டார்கள். இப்போது ஏறாவிட்டால் அடுத்த பஸ் எப்போது வருமோ தெரியாது என்றார்கள். நீ ஆஸ்பத்திரிக் கூடாரம் இருந்த பக்கம் பார்த்தாய். ஏறிவிட்டாய்.

"போயி சொல்லிட்டாச்சும் வந்திருக்கலாம். ஓடுனா ஓடிட்டு வந்திருக்கலாம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. விலாசம் தெரியாது. பெட்டி மட்டும் இருக்கிறது. நான் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ செஞ்சதுல இன்னாடா தப்பு? ஏறாம கெடந்து நீயும் செத்திருந்தா யாருக்கு இன்னா லாபம்?" என்றேன். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். ஆனால் சொல்லும்போதே என் மனசுக்குள் இன்னொன்றும் ஓடியது. அங்கே குளச்சலில் ஒருத்தி இதே மாதிரி ரேடியோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் இல்லையா? அவளிடம் போய் இதே வார்த்தையை நான் சொல்ல முடியுமா?

எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் புஷ்பம் இருக்கிறாளே, இருங்காட்டுக்கோட்டையில் கட்டிக்கொடுத்தவள், அவளுக்குப் பிறந்த வீடு குளச்சல் பக்கம்தான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறேன் என்றாள். நான் அவளிடம் ஸ்டீபனைப் பற்றிச் சொன்னேன். "அக்கா, எங்க ஊருல கல்ல எறிஞ்சா ஒரு ஸ்டீபன் மேலதான் விழும்" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மாதா கோயிலாகப் போய்ச் சாமியாரிடம் விசாரிக்கிறேன் என்றாள். உன்னிடம் இதைச் சொல்லவில்லை. நல்ல சேதி வந்தால் சொல்லலாம், கெட்ட சேதி வந்தால் என்ன செய்வது என்று அப்போது யோசிக்கலாம் என்று விட்டுவிட்டேன். அவள் திரும்பி வரும்வரை எனக்கு ராத்திரி பகல் ஒன்றும் ஓடவில்லை. செத்தவன் என்று தெரிந்தால் நீ என்ன ஆவாய்? தெரியாமல் இருப்பதே மேலோ? வந்தவள் லைனில் என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, ஆளு இருக்கான். நல்லா திங்கான், நல்லா ஒறங்கான். அட்ரஸ் குடுத்துட்டு வந்தேன்" என்றாள். என் முன்னால் மூடிகள் குவிந்து கொட்ட, சூப்பர்வைசர் ஓடிவந்து சத்தம் போட்டான்.

அவனைக் கண்ணால் பார்க்காமல் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்போதும் மறைத்து வைத்தேன். பொங்கல் கழித்து அவனே வந்தான். நீ அன்றைக்கு உள்ளே டிவி முன்னால் இருந்தாய். கறுப்பாக, உயரமாக, ஒரு பை நிறையக் கருவாட்டோடு வாசலில் நின்று, "எம்மா, நான் ஸ்டீபனாக்கும். ஏழுமல வீடு இதுதானா?" என்றான். அவன் குரல் கேட்டு நீ வெளியே வந்தாய். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வீர்கள், அழுவீர்கள் என்று நான் முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீயோ திரும்பி உள்ளே போய், டிவியிலிருந்து ஒயரைப் பிடுங்கி, அந்தப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துவந்து அவன் முன்னால் நீட்டினாய்.

"இந்தா. உன் பெட்டி."

ஸ்டீபன் திறந்து பார்த்தான். அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "லேய், இதையா சொமந்துட்டு வந்த? அந்த மணலுக்குள்ள, இதையா?"

"நீதான சொன்ன, பெட்டிய பாத்துக்கனு."

"நான் சொன்னது பச்ச சூட்கேஸுல! தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வச்ச சேல எல்லாம் அதுலதான் கெடந்துது! இந்தக் கழுதய எவன் கேட்டான்?"

பச்சை சூட்கேஸை நீ கூடாரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாய். இரண்டையும் தூக்க முடியாது என்று யோசித்து, அவன் எப்போதும் கட்டிக்கொண்டு அழுகிற பெட்டி இதுதானே என்று இதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீ அவன் சட்டையைப் பிடித்தாய். "உயிரோட கீறன்னு ஒரு கார்டு போட உனுக்கு முடியலயா? செத்துட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்டா!" என்று கத்தினாய். அவனும் கத்தினான், உன் விலாசம் மட்டும் அவன் தலையிலா எழுதியிருக்கிறது என்று. கருவாட்டுப் பை கீழே கொட்டியது. தெருவே வந்து பார்த்தது. அப்போதுதான் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்த உங்கப்பா, பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்து விலக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். நீ கோபப்படுவதைப் பார்த்து எத்தனை மாசம்! அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் இருவரும் மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்து, கொட்டிய கருவாட்டைப் பொறுக்கினீர்கள்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அன்றைக்கு நீ அவனுக்குக் கலர் சோடா வாங்கி வரக் கடைக்குப் போனபோது, அவன் சமையல் கட்டுக்கு வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தான். நான் கேட்டுவிட்டேன். "தம்பி, மனசுல வச்சிக்காத. உன்ன உட்டுட்டு ஏறிட்டான்னு அவன் மேல உனுக்கு வருத்தம் இல்லயா?" "இருந்துதும்மா. முழிச்சிப் பாத்தா அவன் இல்ல. நல்லா ஏசுனேன். பெறவு எனக்கும் பஸ் வந்துது. எனக்கு அடுத்த பாயில ஒருத்தன் கெடந்தான், ஆந்திராக்காரன். அவனால எந்திரிக்க முடியல. நான் எந்திரிச்சிப் போவும்போது என்னையே பாத்துக்கிட்டு கெடந்தான். நான் ஏறிட்டேன்." வெங்காயத்தைக் கீழே வைத்தான். "அவன் பேருகூட எனக்குத் தெரியாதும்மா. நான் ஏழுமலயா இருந்தாலும் ஏறியிருப்பேன், திரும்பிப் பாத்திருக்கவும் மாட்டேன். இத அவன்கிட்ட சொல்லாதிங்க, என்னைய பெரிய ஆளுன்னு நெனச்சிட்டு இருக்கான்."

நானும் சொல்லவில்லை, இத்தனை நாளாக. எனக்கு அதைக் கேட்டு நிம்மதியும் வந்தது, கோபமும் வந்தது. இவனுக்காகவா என் பிள்ளை சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தான் என்று ஒரு பக்கம். இந்தப் பையன் அந்த ஆந்திராக்காரனை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டு இருக்கிறானே என்று இன்னொரு பக்கம். இன்றைக்கு உனக்கு எழுதிவிட்டேன். அவனிடம் கேட்காதே. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

ஸ்டீபன் டிவி கேமை எடுத்துப்போகவில்லை, "நீயே வச்சிக்க மக்கா" என்று விட்டுப்போனான். நீ அதை மறுபடி தொடவே இல்லை. அந்தப் பெரிய படம் என்ன என்று பார்க்காமலே விட்டுவிட்டாய். அத்தனை நாள் அதில் உயிரை வைத்திருந்தவன் எப்படிச் சட்டென்று விட்டான் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மத்தியானம் நானே போட்டுப் பார்த்தேன். முதல் எண் கணக்கையே தாண்ட முடியாமல் அணைத்துவிட்டேன். நீ ஹைவே பக்கம் அந்த டிவி பார்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தாய். ஓவர்டைம் பார்த்தாய். கிரிக்கெட் ஆடப் போனாய், முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாய். உங்கப்பா உன்னைத் திட்டினால் திருப்பித் திட்டினாய். வீடு வீடாக ஆயிற்று. நான் கொண்டுவந்த மருந்து வேலை செய்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் குவைத்தில் சண்டை ஓய்ந்தது. கடை திறந்துவிட்டார்கள், பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று ஸ்டீபன் எழுதினான். நீ அந்த இன்லேண்டு கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பையனைத் தேடிப்பிடித்து உன்னை நான் மீட்டேனோ, அவனே வந்து உன்னைக் கூட்டிப்போகிறான். நான் அழுதேன், பட்டினி கிடந்தேன். "அங்க போயி இன்னொரு வாட்டி மாட்டிக்கணுமா? இங்க உனுக்கு இன்னா கொற?" என்றேன். நீ சத்தமில்லாமல், "எந்த ஊரும்மா பத்திரம்? மே மாசம் நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே குண்டு வெடிச்சிச்சே" என்றாய். அன்றைக்கு உங்கப்பா பஸ்ஸோடு ரோட்டில் மாட்டிக்கொண்டு விடியும்வரை வராமல், நாம் இருவரும் வாசலில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. நீ சொன்னது சரிதானா என்று தெரியவில்லை. தெரியாதபோது எப்படித் தடுப்பது? பாஸ்போர்ட்டை நானே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்தப் புத்திக்கு வருகிறேன். மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால், பஸ் வந்து நின்று, உன் பேரைக் கூப்பிட்டு, ஸ்டீபனோ வேறு யாரோ எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், நீ என்ன செய்ய வேண்டும்? முந்தாநாள் வரை, "விட்டுட்டு வராதே, அவனோடயே இரு" என்று எழுத நினைத்தேன். ஏறி வந்தவன் என்ன ஆனான் என்று கண்ணால் பார்த்தவள் நான். உடம்பு வந்து சேர்ந்தது, ஆள் வந்து சேர எத்தனை மாசம் ஆயிற்று! அப்படி ஒரு வருகை வேண்டாம் என்று தோன்றியது. நேற்று இதை உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் தெனம் யாரயாச்சும் உட்டுட்டுத்தான்டி வண்டிய எடுக்கறேன். பின்னாலயே ஓடியாருவாங்க, கண்ணாடில தெரியும். அவங்களுக்காக நின்னா, ஏறி ஒக்காந்துகினு கீறவன் ஷிப்ட் போயிடும். நின்னாலும் பாவம், எடுத்தாலும் பாவம். அவன ஏறச் சொல்லு" என்றார். பெத்த பிள்ளை அங்கே சாகட்டும் என்று எழுதுவாயா என்று கேட்டார். அவரும் சரிதான். குளச்சலில் இருக்கிற அந்த அம்மாவை நினைத்தால் நான் நினைத்ததும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று காலையிலிருந்து லைனில் நின்று யோசித்தேன். புஷ்பத்திடம் கேட்டேன், அவளும் தெரியாது என்றாள்.

அதனால் தெரியாமலேயே சொல்கிறேன். ஏறிடு, ஏழுமலை. முடிந்தால் தூக்கிக்கொண்டு ஏறு, முடிந்தால் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து ஏறு. எதுவும் முடியாவிட்டாலும் ஏறிடு. இது நியாயமா என்று என்னைக் கேட்காதே. நான் நியாயம் சொல்லவில்லை, நான் உன் அம்மா. ஆனால் போன தடவை மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு வராதே. வந்து இறங்கின அன்றைக்கே, முகம் கழுவுவதற்கு முன்னால், "அம்மா, ஒருத்தன உட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிடு. அவன் யார், எந்த ஊர், பேர் தெரியுமா தெரியாதா, எல்லாவற்றையும் சொல். தப்பா சரியா என்று நான் பேச மாட்டேன், எனக்கே தெரியாததை எப்படிப் பேசுவேன்? உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். கேட்டு முடித்ததும் சேலையை மாற்றிக்கொண்டு, அவனைத் தேட எங்கே போகலாம் என்று உன்னோடு கிளம்புவேன்.

உன் அம்மா